வீட்டுக் கணினிக்கு எந்த மின்னஞ்சல் செயலி?

(காஞ்சிபுரத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மின்னஞ்சலை நாம் பெரும்பாலும் கைப்பேசியில்தான் பார்க்கிறோம். ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு முன் வந்த ஓர் ஆணையின் நகலைத் தேட வேண்டும், நாற்பது பக்க இணைப்பை அச்செடுக்க வேண்டும் என்றால் வீட்டுக் கணினியின் முன்தான் உட்கார வேண்டியிருக்கிறது. அங்கே எந்தச் செயலியைப் பயன்படுத்தலாம் என்பதே இன்றைய பேச்சு.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. விண்டோஸ் கணினிகளோடு வந்த 'மெயில்' செயலியின் ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்த புதிய அவுட்லுக்கை இலவசமாகப் பயன்படுத்துவோர் விளம்பரங்களையும் பார்க்க வேண்டும். ஜிமெயில் கணக்கை அதில் இணைத்தால், நம் அஞ்சல்களின் நகல் மைக்ரோசாஃப்டின் சர்வருக்கும் போகும். வேண்டாம் என்பவர்களுக்கு மாற்று இருக்கிறது.

முதலில் 'இலவசம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். காசு கேட்காத மென்பொருள் எல்லாம் ஒரே வகை அல்ல. யார் வேண்டுமானாலும் அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்றால் அது கட்டற்ற மென்பொருள். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண் இயக்குநராக இருந்தபோது, லினக்ஸை அரசுப் பணிக்குக் கொண்டுவந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் மாணவர்கள் பெற்ற கணினிகளில் 'பாஸ்' லினக்ஸைப் பார்த்திருப்பீர்கள். அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனம்.

மின்னஞ்சலில் அந்த வகையைச் சேர்ந்தது தண்டர்பேர்ட். மொசில்லாவின் இந்தச் செயலியின் முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வந்தது. இன்று பெரும்பாலும் பயனர்களின் நன்கொடையில் நடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டு பதிப்பும் வந்தது. லினக்ஸ் வைத்திருப்போருக்கு எவல்யூஷன், கேமெயில், கிளாஸ் மெயில் ஆகியவையும் உண்டு. பழைய, வேகம் குறைந்த கணினிக்குக் கிளாஸ் மெயில் ஏற்றது.

எதை எடுப்பதானாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இப்போதும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருகின்றனவா? தமிழில் எழுதவும் தேடவும் முடிகிறதா? ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளை ஒரே இடத்தில் பார்க்க முடிகிறதா? நாளை வேறு செயலிக்கு மாறினால் அஞ்சல்களை எடுத்துச் செல்ல முடியுமா? கடைசிக் கேள்வியைத்தான் பலரும் கேட்பதில்லை. தண்டர்பேர்ட் வழக்கமாக அஞ்சல்களை 'எம்பாக்ஸ்' என்ற பொதுவான வடிவில் சேமிக்கிறது. வேறு பல செயலிகளும் அதைப் படிக்கும்.

நிறுவுவது கடினமில்லை. தண்டர்பேர்ட் டாட் நெட் என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தால் சர்வர் விவரங்களை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஜிமெயில் என்றால் கூகுளின் உள்நுழைவுப் பக்கம் திறக்கும். கடவுச்சொல்லை அங்கேதான் தர வேண்டும்.

இடையில் ஐமேப், பாப் என இரண்டு வழிகள் காட்டும். நம் ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். சேலை டிசைனுக்கான ஜக்கார்டு அட்டை சங்கத்திலேயே இருக்க, தறிக்காரர் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வது ஐமேப். அட்டையை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவது பாப். கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே அஞ்சலைப் பார்க்க வேண்டிய நமக்கு ஐமேப்பே பொருத்தம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஐமேப்பில் கணினியில் ஓர் அஞ்சலை அழித்தால் சர்வரிலும் அது போய்விடும். எனவே ஐமேப்பைக் காப்பு நகல் என்று எண்ண வேண்டாம். பணி நியமனம், பதவி உயர்வு, சேமநலநிதி, வருமான வரி தொடர்பான அஞ்சல்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற பகுதிக்கு நகலெடுத்து வையுங்கள். அவை உங்கள் கணினியிலேயே இருக்கும். ஆண்டுக்கு இருமுறை தண்டர்பேர்டின் புரொஃபைல் கோப்புறையை முழுவதுமாகப் பென்டிரைவில் நகலெடுங்கள்.

இது ஏன் அவசியம்? கூகுளின் இலவசக் கணக்கில் ஜிமெயில், டிரைவ், புகைப்படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிபி இடம்தான். அது நிரம்பினால் புதிய அஞ்சல் வராது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை அழிக்கவும் கூகுளின் விதி இடம் தருகிறது. பணி ஓய்வுக்குப் பின் ஒரு கணக்கை நாம் மறந்துவிடுவது எளிது. அதிலுள்ள ஆவணம் ஓய்வூதியத்துக்குத் தேவைப்படும் நாளில்தான் இழப்பு தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கணினியைத் திறக்கும் எவரும் தண்டர்பேர்டில் உள்ள அஞ்சல்களைப் படிக்கலாம். ஆகவே பள்ளியின் பொதுக் கணினியில் சொந்தக் கணக்கை இணைக்காதீர்கள். வீட்டிலும் பிள்ளைகளுக்குத் தனிப் பயனர் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். நம் அஞ்சலில் மாணவர்களின் விவரங்களும் இருக்கின்றன அல்லவா?

மாணவர்கள் என்றதும் இன்னொன்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு, பிரௌசிங் சென்டரில் யாரோ ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கித் தருகிறார். கடவுச்சொல் பிள்ளைக்குத் தெரிவதில்லை. கலந்தாய்வு அழைப்பு அந்த முகவரிக்குத்தான் வருகிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் தறிக்காரர் பிள்ளைக்கு அந்த ஓர் அஞ்சல் எவ்வளவு பெரியது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் செயலி என்பது அப்புறம். முகவரியும் கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் அந்தப் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும்.

இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். வீட்டில் ஒரு செயலியை நிறுவி, முக்கியமான பத்து அஞ்சல்களையாவது நகலெடுத்து வையுங்கள். வகுப்பில் ஒரு பாடவேளை ஒதுக்கி, மேல்நிலை மாணவர்கள் தங்கள் கணக்கின் கடவுச்சொல்லைத் தாங்களே மாற்றக் கற்றுக்கொடுங்கள். ஐயம் இருந்தால் கூட்டம் முடிந்ததும் கேளுங்கள், மடிக்கணினியில் செய்தே காட்டுகிறேன்.