நின்றதா, முடிந்ததா?



16ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் நோவல் என்றொரு குருவானவர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் தலைமைக் குரு. தூண்டில் போடுவதில் அவருக்குக் கொள்ளை ஆசை. ஒருநாள் மீன் பிடிக்கப் போனவர், குடிப்பதற்குக் கொண்டுபோன ஏல் என்ற பியர் வகையின் பாட்டிலைப் புல்லில் மறந்து வைத்துவிட்டு வந்துவிட்டார். சில நாள் கழித்து அதே இடத்துக்குப் போய், பாட்டிலை எடுத்துத் திறந்தால், துப்பாக்கி சுட்டதுபோல ஒரு சத்தம்! 1662இல் வெளிவந்த தாமஸ் ஃபுல்லரின் நூலில் இந்தக் கதை இருக்கிறது. இங்கிலாந்தில் பாட்டில் பியர் பிறந்த விதமே இதுதான் என்று அந்தக் காலத்தில் நம்பியிருக்கிறார்கள். கதையில் எவ்வளவு உண்மை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்தச் சத்தத்தை நம்பலாம். நொதித்து முடியாத பியரை பாட்டிலில் அடைத்தால் இன்றைக்கும் அதுதான் நடக்கும். சில சமயம் திறக்கும்வரைகூடக் காத்திருக்காது. அலமாரியிலேயே வெடித்துக் கண்ணாடிச் சில்லுகள் பறக்கும்.

வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்களுக்கு ஆரம்பத்தில் வருகிற பெரிய கேள்வி, எப்போது பாட்டிலில் அடைப்பது என்பதுதான். இன்று அதைப் பற்றிப் பேசப்போகிறேன். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆகவே நான் சொல்வதெல்லாம் பிரிட்டனில் நடக்கிற காரியம். அங்கேயும் 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்த சட்டப்படி, வீட்டில் காய்ச்சுகிறவர் உரிமம் வாங்கியாக வேண்டும் என்றிருந்தது. 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை நீக்கினார். விற்காத வரையில் யாரும் தம் வீட்டில் பியர் காய்ச்சிக்கொள்ளலாம் என்றாயிற்று. அதன் பிறகுதான் இந்தக் கேள்வி லட்சக்கணக்கான சமையலறைகளுக்குள் நுழைந்தது.

முதலில் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்தால் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு, பாத்திரத்தை மூடி, காற்று வெளியேற மட்டும் ஒரு வழி விடுவார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் தருகிறது. தின்ற சர்க்கரையின் எடையில் ஏறத்தாழப் பாதி வாயுவாகிவிடும். இந்தப் பாதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் எல்லாச் சர்க்கரையையும் தின்றுவிடாது. மாவுச்சத்து முழுதாக உடையாமல் நின்ற டெக்ஸ்ட்ரின் என்ற பெரிய துண்டுகளை அதனால் கடிக்க முடியாது. பியரைக் குடிக்கும்போது நாக்கில் தெரிகிற கனம் அவற்றால் வருவது. ஆகவே ஒவ்வொரு பியருக்கும், இதற்குமேல் போகாது என்று ஓர் எல்லை உண்டு. ஈஸ்ட் அந்த எல்லையைத் தொட்டிருந்தால் வேலை முடிந்தது. தொடாமலே ஓய்ந்திருந்தால் வேலை நின்றிருக்கிறது, அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

புதியவர்கள் முதலில் நம்புவது குமிழியை. பாத்திரத்தின் மூடியில் தண்ணீர் நிரப்பிய சின்ன வளைகுழாய் ஒன்று இருக்கும். ஏர்லாக் என்பார்கள். வாயு அதன் வழியாக ‘குளுக், குளுக்’ என்று வெளியேறும். இரண்டாம் நாள் விடாமல் கேட்கும். ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அடங்கியதும் ‘ஆயிற்று’ என்று பாட்டில்களைக் கழுவத் தொடங்குகிறார்கள். மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தால் வாயு ஓரமாகக் கசிந்துவிடும். உள்ளே நொதித்தல் மும்முரமாக நடக்கும்போதே குழாய் அமைதியாக இருக்கும். நேர்மாறாக, நொதித்தல் முடிந்த பிறகும் அறை வெயிலில் சூடேறினால், பியரில் கரைந்திருந்த வாயு வெளியேறிக் குமிழி வரும். தெளிவையும் நம்ப முடியாது. தெளிந்துவிட்டது என்றால் ஈஸ்ட் அடியில் படிந்துவிட்டது என்று அர்த்தம். ஏன் படிந்தது என்பது அதிலிருந்து தெரியாது. கோதுமை பியர் கடைசிவரை கலங்கலாகவே இருக்கும். கடையில் வாங்கும் பியர் கிட் பெட்டியின்மேல் அச்சடித்திருக்கும் ‘ஏழு நாள்’ கணக்கு இன்னும் மோசம். அந்தப் பெட்டிக்கு உங்கள் வீட்டுக் குளிர் எப்படித் தெரியும்?

அளந்து பார்ப்பது ஒன்றே வழி. அளக்கும் கருவி நமக்கு அந்நியமானதும் இல்லை. பால் சொசைட்டியில் லாக்டோமீட்டரைப் பாலில் மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, அதன் உடன்பிறப்புதான் பியருக்கான ஹைட்ரோமீட்டர். திரவத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தால் உயர மிதக்கும், குறையக் குறைய உள்ளே இறங்கும். ஹல் நகரத்தைச் சேர்ந்த ஜான் ரிச்சர்ட்சன் 1784இல் இதைப் பற்றி நூலே எழுதினார். அதன் பிறகு பிரிட்டிஷ் ஆலைகளில் இது வேரூன்றியது. கிளாட்ஸ்டனின் 1880 சட்டம் பியர் வரியையே வோர்ட்டின் அடர்த்தியை வைத்துத்தான் கணக்கிட்டது. 1993வரை அந்த முறை இருந்தது. வரி அதிகாரி கையில் இருந்த கருவி இன்று சமையலறை மேசையில் இருக்கிறது.

தண்ணீரில் அது 1.000 காட்டும். சாதாரண ஏல் ஒன்றின் வோர்ட்டில், தொடக்கத்தில், 1.048 காட்டும். பேச்சில் புள்ளியை விட்டுவிட்டு 1048 என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். நொதித்து முடியும்போது அந்த ஏல் 1010, 1012 என்று வந்து நிற்கும். ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது என்பதால், மிச்சமிருக்கும் சர்க்கரை இந்த எண்ணில் தெரிவதைவிடச் சற்று அதிகம்.

அளக்கும்போது அவசரம் கூடாது. சுத்தமான குழாயால் கொஞ்சம் பியரை உயரமான ஜாடியில் பிடித்து, வேறு பாத்திரத்துக்கும் ஜாடிக்கும் நாலைந்து முறை மாற்றி ஊற்ற வேண்டும். கரைந்திருக்கும் வாயு வெளியேறட்டும். வெளியேறாவிட்டால் பொடிப்பொடிக் குமிழிகள் ஹைட்ரோமீட்டரின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும். 1012 என்பது 1014 போலத் தெரியும். ஜாடியில் இறக்கியதும் விரல் நுனியால் ஒரு சுழற்று சுழற்றிவிட வேண்டும். சுழன்று நின்றதும் கண்ணை திரவ மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். கண்ணாடித் தண்டைச் சுற்றி திரவம் இலேசாக மேலேறி வளைந்திருக்கும். அந்த வளைவின் அடியில் இருக்கும் கோட்டைப் படிக்க வேண்டும், உச்சியில் இருப்பதை அல்ல. கருவியின்மேல் எத்தனை டிகிரிக்கானது என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸ். அளந்த பியரைத் திரும்ப பாத்திரத்தில் ஊற்றாதீர்கள், கிருமி சேரும். ருசி பாருங்கள். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

இன்று 1012. இரண்டு மூன்று நாள் கழித்தும் 1012. அப்படியானால் அடைக்கலாம் என்பது பழைய விதி, நல்ல விதி. வெறும் நாட்கணக்கை நம்புவதைவிட நூறு மடங்கு மேல். ஆனாலும் என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. ஒரே எண் இருமுறை வந்தால் நின்றிருக்கிறது என்பது உறுதி. முடிந்ததா?

பிரிட்டனில் ஜனவரி மாதம், ராத்திரி வீட்டில் ஹீட்டரை அணைத்துவிடுகிறார்கள். 18, 20 டிகிரியில் சுறுசுறுப்பாக இருந்த ஈஸ்ட், 13 டிகிரியில் சோர்ந்து அடியில் போய்ப் படுத்துவிடும். ஹைட்ரோமீட்டர் 1020 காட்டும். மூன்று நாள் கழித்தும் 1020 தான். விதி சொல்கிறது, அடைக்கலாம். அடைத்தால், வசந்தத்தில் வீடு சூடாகும்போது பாட்டிலுக்குள் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். ஆனால் அதே 1020 வேறொரு பியருக்குச் சரியான முடிவாக இருக்கலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கென்ட்டில் ஹைத் என்ற ஊரில் மெக்கெசன் ஆலை பால் ஸ்டவுட் என்ற கறுப்பு பியரை விற்கத் தொடங்கியது. அதில் சேர்ப்பது லாக்டோஸ், பாலில் இருக்கும் சர்க்கரை. பியர் ஈஸ்டால் அதைத் தொட முடியாது. ஆகவே அந்த வகை பியர் 1020லும் முடிந்துபோகலாம். எண் ஒன்று, பொருள் இரண்டு.

உங்கள் பியரின் எல்லை எது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள அழகான ஒரு வழி இருக்கிறது. ஆலைக்காரர்கள் செய்வார்கள், வீட்டில் காய்ச்சுகிறவர்கள் பலர் செய்வதில்லை. முதல் நாளே, ஆறின வோர்ட்டில் அரை லிட்டரைத் தனியாக ஒரு பாட்டிலில் எடுத்து, அதில் ஈஸ்டைத் தாராளமாக, தேவைக்குப் பலமடங்கு போடுங்கள். வாயை இறுக மூடாமல் அலுமினியத் தாளால் மட்டும் மூடி, 25 டிகிரிபோல வெதுவெதுப்பான இடத்தில் வைத்து அவ்வப்போது குலுக்கிவிடுங்கள். ருசி கெட்டால் கெடட்டும், குடிப்பதற்காகச் செய்வதில்லை. இரண்டு மூன்று நாளில் அது ஓய்ந்துவிடும். அப்போது அளந்தால் வரும் எண்தான் எல்லை. பெரிய பாத்திரம் அந்த எண்ணை எட்டினால் முடிந்தது. அதற்கு மேலேயே நிற்கிறதா? பாத்திரத்தை வெப்பமான அறைக்கு மாற்றி, மெல்லச் சுழற்றி, படிந்த ஈஸ்டைக் கிளப்பிவிட்டுக் காத்திருங்கள். அரை லிட்டர் வோர்ட் செலவில் இவ்வளவு நிச்சயம் கிடைக்கிறது. இதைச் செய்யாமல் விடுவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

எல்லைக்கும் நின்ற இடத்துக்கும் நாலு புள்ளி வித்தியாசம் (ஹைட்ரோமீட்டர் எண்ணில் நாலு) பெரிதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 லிட்டர் பியரை பாட்டிலில் அடைக்கும்போது நுரை வருவதற்காக வேண்டுமென்றே 120 கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள், லிட்டருக்கு 6 கிராம். அரை லிட்டர் பாட்டிலுக்கு 3 கிராம், ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. அதில் பாதி வாயுவாகி வெளியேற வழியின்றி பியரில் கரைகிறது. அறை வெப்பத்தில் அந்த பாட்டிலுக்குள் இருக்கும் அழுத்தம் ஒரு கார் டயரில் இருப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். இப்போது நாலு புள்ளி முன்னதாகவே அடைத்துவிட்டோம் என்று வையுங்கள். 20 லிட்டரில் சுமார் 170 கிராம் சர்க்கரை ஏற்கெனவே மிச்சம் இருக்கிறது. நாமாகச் சேர்த்ததைவிட அது அதிகம். அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் போகும். சாதாரண பியர் பாட்டில் அதைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல.

கள்ளுக்கும் இதே கதைதான். யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள். அதையும் வெப்பமூட்டி ஈஸ்டைக் கொன்ற பிறகே அடைக்கிறார்கள். முட்டியில் இருக்கும் கள்ளுக்கு வாய் திறந்திருக்கிறது. எவ்வளவு நுரைத்தாலும் ஆபத்தில்லை. மூடி போடும்போதுதான் இந்தக் கேள்வியே பிறக்கிறது.

ருசி பார்க்கச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். எல்லையைத் தொட்ட பிறகும் ஈஸ்டுக்குக் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கும். நொதிக்கும்போது அது வெளியே விட்ட ஒரு பொருள், மெல்ல மெல்ல டயாசிட்டைலாக மாறும். வெண்ணெய் வாசம் அடிக்கும். ஈஸ்ட் உயிரோடு, வெதுவெதுப்பாக இருந்தால் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால், இன்று வாசமே இல்லாத பியரில் நாளை அது தோன்றலாம். கண்டுபிடிக்க இரண்டு கண்ணாடிக் குப்பிகள் போதும். இரண்டிலும் பியரை ஊற்றி மூடுங்கள். ஒன்றை 60, 70 டிகிரி சூடான வெந்நீரில் அரை மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு ஆறவிடுங்கள். மற்றது அப்படியே இருக்கட்டும். இரண்டையும் திறந்து மோந்து பாருங்கள். சூடுபட்டதில் மட்டும் வெண்ணெய் வாசம் வந்தால், மறைந்திருந்த பொருள் இன்னும் தீரவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி சோதியுங்கள். பச்சை ஆப்பிள் வாசம் அடித்தால் அதுவும் அவசரத்தின் அடையாளம். ஈஸ்டோடு இன்னும் சில நாள் விட்டால் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இரண்டு விதிவிலக்குகள் சொல்ல வேண்டும். நொதித்த பிறகு மணத்துக்காக ஹாப்ஸ் சேர்த்தால், அதில் இருக்கும் நொதிகள் டெக்ஸ்ட்ரினை உடைத்து ஈஸ்டுக்குப் புதிதாக இரை போடும். பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் ஹொரேஸ் பிரவுனும் ஹாரிஸ் மாரிஸும் 1893லேயே இதை எழுதிவைத்தார்கள். ஹாப்ஸ் போட்டால் மறுபடி முதலிலிருந்து அளவுகள் எடுங்கள். இன்னொன்று, டயாஸ்டாட்டிகஸ் என்ற ஈஸ்ட் இனம். டெக்ஸ்ட்ரினையும் விட்டுவைக்காது. பெல்ஜிய சைசான் பியருக்கு அதை வேண்டுமென்றே போடுவார்கள். சுத்தம் செய்யாத குழாயில் ஒட்டியிருந்து அடுத்த பியருக்குள் நுழைந்தால், மாதக்கணக்கில் பாட்டிலுக்குள் தின்றுகொண்டே இருக்கும். குழாய்களைப் புதிதாக மாற்றுவதற்கு அது ஒன்றே போதுமான காரணம்.

அடைக்கும் நாளில், கண்ணாடி பாட்டில்களோடு ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வையுங்கள். விரலால் அழுத்திப் பார்த்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். 20 டிகிரியில் இரண்டு வாரத்தில் அது கல்போல இறுகியிருக்கும், நுரை தயார். இரண்டாம் நாளே கல்லாகிவிட்டால், எல்லா பாட்டிலையும் அவசரமாக அடைத்திருக்கிறீர்கள். அப்போது கையுறை போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, பெட்டியைத் தடித்த துண்டால் மூடி, உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். குளிர்ந்தால் வாயு பியரில் கரையும், அழுத்தம் தணியும். நன்றாகக் குளிர்ந்த பிறகு ஒவ்வொன்றாக, துண்டு சுற்றி, முகத்தை விலக்கி மூடியைக் கழற்றி, வாயு இறங்கியதும் புது மூடி போடலாம். குழந்தைகள் இருக்கும் வீடானால் அதுகூட வேண்டாம், திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள்.