பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை



"கொஞ்சம் கொஞ்சமாய்க் குடுத்தால் பழகிப்போம்." பசுப்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளைப் பற்றி எங்கள் வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பாலும் தயிரும் ஊட்டி எங்களை வளர்த்தவர்கள் அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அது ஆபத்தான அன்பு.

எங்கள் ஒன்ராறியோவிலேயே, 2003 செப்ரெம்பரில், பெம்ப்ரோக் நகரில் படித்த சப்ரினா ஷனன் என்ற 13 வயது மாணவி இறந்துபோனார். பால் அவருக்கு ஒவ்வாது. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் அவர் வாங்கியது உருளைக்கிழங்குப் பொரியல் மட்டும். பாற்கட்டி போட்ட உணவை எடுத்த இடுக்கியால் அதையும் எடுத்ததே காரணமாகக் கருதப்பட்டது. அவருடைய எப்பிநெப்ரின் ஊசி லொக்கரில் இருந்தது. 2006 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 'சப்ரினா சட்டம்' அவர் பெயரால் வந்ததே. இதன்படி பாடசாலை உங்கள் பிள்ளைக்குத் தனித்திட்டம் எழுத வேண்டும். ஊழியருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் பெற்றார் அதிபருக்கு விபரம் தெரிவிக்க வேண்டும்.

பாற்சர்க்கரை செமிக்காமல் வயிறு ஊதுவது வேறு. ஒவ்வாமை என்பது பாலின் புரதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி எதிரியாக எண்ணித் தாக்குவது. ஆகவே 'லாக்டோஸ் இல்லாத' பாலும் கூடாது. ஆட்டுப்பாலின் புரதமும் பெரும்பாலும் ஒத்ததே; அதுவும் கூடாது. நெய்யிலும் மோர்மிளகாயிலும் பால் இருக்கிறது. தயிர்க் கரண்டியைப் பிள்ளையின் கறிக்குள் வைக்காதீர்கள். பொதிகளில் 'பால்', 'கேசீன்', 'வே' என்ற சொற்களைத் தேடுங்கள்.

அப்படியானால் என்ன கொடுப்பது? தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். தாயின் உணவில் மாற்றம் தேவையா என்பதை வைத்தியர் சொல்வார். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு 400 அலகு வைற்றமின் டி தேவை. புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்குப் புரதம் நன்கு உடைக்கப்பட்ட பால்மா உண்டு. பாதாம், அரிசி, தேங்காய்ப் பானங்களில் புரதம் குறைவு. இரண்டு வயதுக்குள் அவற்றைப் பாலுக்கு ஈடாகக் கொடுக்கக் கூடாது. திட உணவு உண்ணும் வயதில் குரக்கன், கீரை, பருப்பு, மீன் எல்லாம் எங்கள் சமையலறையிலேயே இருக்கின்றன. தேங்காய்ப்பால் விட்ட கறிக்கும் தடையில்லை, அந்தப் பிள்ளைக்குத் தேங்காய் ஒத்துக்கொண்டால்.

பல பிள்ளைகளுக்கு வளர வளர இந்த ஒவ்வாமை நீங்கிவிடும். நீங்கிவிட்டதா என்பதைச் சோதிப்பது ஒவ்வாமை வைத்தியரின் வேலை, அம்மம்மாவின் வேலையல்ல.

மூச்சு இழுத்தால், முகம் வீங்கினால், தடிப்போடு வாந்தியும் வந்தால் காத்திருக்காதீர்கள். வைத்தியர் தந்த ஊசியை உடனே போட்டு, 911 ஐ அழையுங்கள். ஊசி பிள்ளையோடு இருக்கட்டும், அலுமாரியில் அல்ல.