மாதந்தோறும் வரும் மனத்துயர்

மாதவிடாய்க்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்னதாகவே சில பெண்களின் மனம் இருண்டுவிடுகின்றது. காரணமின்றிக் கண்ணீர் பெருகும், சிறு சொல்லும் சுடும், வாழ்வே வெறுத்துப்போகும். மாதவிடாய் தொடங்கிய சில நாள்களில் அவ்விருள் அகலும். வீட்டாரோ இதனைக் குணக்கேடு என்பர்.

இது குணக்கேடன்று, நோய். 1931இல் அமெரிக்க வைத்தியர் றொபேட் பிராங்க் இத்தகைய துயரினை ஆராய்ந்து எழுதினார். 1953இல் இங்கிலாந்தின் கதரீனா டால்ற்றன், றேமண்ட் கிறீன் ஆகிய வைத்தியர்கள் மாதவிடாய்க்கு முந்திய உபாதைகளை ஒரு பெயரின்கீழ்த் தொகுத்துரைத்தனர். அவற்றுள் மிகக் கடுமையான வடிவத்தை 2013இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தனி நோயாக ஏற்றது. இந்நோயுற்றோரின் ஓமோன் அளவு பொதுவாகப் பிற பெண்களுடையதை ஒத்ததே. அதன் ஏற்ற இறக்கத்தை அவர்தம் மூளை தாங்கும் விதமே வேறு.

ஆதலின், இரண்டு மாதங்கள் நாள்தோறும் மனநிலையைக் குறித்துவைத்து வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். தக்க மருந்துகளும் உளவள ஆலோசனையும் உள. உயிரை மாய்க்கும் எண்ணம் எழுமாயின், ஒருநாளும் தாமதியாது உதவி நாடுக.

வீட்டார் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு: ஏசுமுன் நாட்காட்டியைப் பார்த்தல்.