பெரிய ஸ்வெட்டரை அளவுக்குச் சுருக்கலாமா?

(நம் சங்கத்தின் தை மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மார்கழி, தை மாதங்களில் மொரப்பூர் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலுக்கு நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் போட்டிருக்கும் ஸ்வெட்டர் அவர்களுக்காக வாங்கியது இல்லை. மகன் போட்டுப் பழசானது, அல்லது மாப்பிள்ளை அளவு தெரியாமல் வாங்கி வந்தது. கை நீண்டு விரலை மூடும். "சார், இதைச் சுருக்க முடியுமா?" என்று நம் குடியிருப்பிலேயே மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். முடியும். ஆனால் வங்கியில் தப்பாகப் போட்ட என்ட்ரியை மறுநாள் ரிவர்ஸ் செய்கிற மாதிரி இதைத் திருப்ப முடியாது. அதனால்தான் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அது கம்பளிதானா என்று பாருங்கள். மலைக் கடைகளில் "உல்லன்" என்று சொல்லி விற்பதில் நிறைய அக்ரிலிக். அது எத்தனை வெந்நீரில் போட்டாலும் இப்படிச் சுருங்காது. லேபிள் கிழிந்திருந்தால், உள்தையலிலிருந்து ஒரு சின்ன நூலை எடுத்து, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். லேபிளில் "சூப்பர்வாஷ்" என்று இருந்தால் அது சுருங்காமல் இருக்கவே பதப்படுத்திய கம்பளி. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கம்பளி ஏன் சுருங்குகிறது? உங்கள் தலைமுடி ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பாருங்கள். வேரிலிருந்து நுனிக்கு வழுக்கும், நுனியிலிருந்து வேருக்குச் சொரசொரக்கும். முடியின் மேல் ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி செதில்கள் அடுக்கியிருப்பதுதான் காரணம். ஆட்டு ரோமத்தில் அது இன்னும் அதிகம். சின்ன வயதில் சுணை உள்ள புல்கதிரைச் சட்டைக் கைக்குள் விட்டு விளையாடியிருப்பீர்களே, மேலே ஏறும், இறங்காது. அதே கதைதான். ஈரமும் சூடும் சோப்பும் சேர்ந்து, கசக்கவும் செய்தால், ரோமங்கள் ஒரே திசையில் நகர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கசக்குவதுதான் இதில் முக்கியம், சூடு அதற்குத் துணை.

இதையே தொழிலாகச் செய்தவர்களும் உண்டு. பிரான்ஸ் நாட்டு 'பெரே' தொப்பியைப் பெரிதாகப் பின்னி, பிறகு நீரில் அடித்துச் சுருக்குவார்கள். காஷ்மீர் நம்தா விரிப்பில் நெசவே கிடையாது, கம்பளியை ஈரத்தில் அழுத்தி உருட்டியே செய்கிறார்கள். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் மத்திய அரசுப் பண்ணையில் பாரத் மெரினோ ஆடு வளர்க்கிறார்களே, அந்த மாதிரி மெல்லிய ரோமம் சீக்கிரம் சுருங்கும். முரட்டுக் கம்பளி அவ்வளவு வேகமாகச் சுருங்காது.

இனி என் வீட்டு விஷயம். என் அண்ணன் காலமான பிறகு அவருடைய ஸ்வெட்டரை அண்ணி எனக்குக் கொடுத்தார். அவரே கையால் பின்னியது. அண்ணன் என்னைவிட உயரம். "அண்ணி, சுருக்கிப் பார்க்கட்டுமா? கெட்டுப்போனால் திரும்ப வராது" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பீரோவுல கெடந்து பூச்சி அரிக்கிறதுக்கு நீங்க போடலாம் தம்பி" என்றார். மீதி நூல் ஒரு உருண்டை அவரிடம் இருந்தது. அதில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு சதுரம் பின்னித் தரச் சொன்னேன். வெந்நீரில் அதைக் கசக்கிக் காயவைத்தபோது அகலம் அரை சென்டிமீட்டர்தான் குறைந்தது, உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைந்தது. பின்னல் துணி பொதுவாக அப்படித்தான், நீளத்தில்தான் அதிகம் சுருங்கும். எனக்குக் கையும் உடலும்தான் நீளம், மார்பு பரவாயில்லை. எனவே துணிந்தேன். உங்கள் ஸ்வெட்டர் நீளம் சரியாக இருந்து அகலம் மட்டும் தொளதொளத்தால், பேசாமல் டெய்லரிடம் கொடுத்து ஓரம் பிடிக்கச் சொல்லுங்கள்.

செய்முறை இதுதான். மார்பு, உடல் நீளம், கை நீளம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், அதில் ஒரு ஸ்பூன் ஷாம்பு. ஸ்வெட்டரை அமுக்கி, மெதுவாக இரண்டு நிமிடம் கசக்குங்கள். எடுத்து, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, சமமாக விரித்து அளங்கள். போதவில்லையா, மறுபடி இரண்டு நிமிடம். வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிடுங்கள். அதிகம் சுருங்கியதை ஈரத்தில் இழுத்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மீட்கலாம், அதற்கு மேல் வராது. நான் நான்கு தடவை செய்தேன். கை 61-லிருந்து 57-க்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். பின்னல் கொஞ்சம் மங்கியது, துணி தடித்தது. அண்ணி தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் கதகதப்பா இருக்கும்" என்றார்.

வாஷிங் மெஷினில் போடலாமா என்று கேட்பீர்கள். எனக்குச் சம்மதமில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு அது நாற்பது நிமிடம் ஓடும், நடுவில் அளந்து பார்க்க முடியாது. முன்னால் ஜிப் வைத்த ஸ்வெட்டரை எந்த முறையிலும் சுருக்காதீர்கள். துணி சுருங்கும், ஜிப் சுருங்காது, பாம்பு மாதிரி நெளியும்.

காயவைப்பது நிழலில், தரையில் துண்டு விரித்து. கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர் கனத்தில் கை மறுபடி நீளும். அளந்தபிறகு எப்போதும் குளிர்ந்த தண்ணீரில்தான் அலச வேண்டும். வீட்டில் துணி துவைக்க வருபவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். டேப் இல்லாதவர்கள் என் வீட்டில் வாங்கிக்கொள்ளலாம், மாலை ஐந்து மணிக்கு மேல்.