உட்கார்ந்து கணக்குப் பார்த்தோமா?



லூக்கா நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில், கோபுரம் கட்ட விரும்பும் ஒருவரைப் பற்றி நம் ஆண்டவர் பேசுகிறார். அவர் முதலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடித்தளத்தோடு வேலை நின்றுபோகும், பார்ப்பவர்கள் ஏளனம் செய்வார்கள். சீடராவதன் விலையைப் பற்றிய உவமை இது. ஆனாலும் பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து உட்காரும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு இந்த உவமைதான் நினைவுக்கு வருகிறது.

நைனார்பாளையம் பக்கம் மரவள்ளி போடுகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து மாதம் கழித்துப் பிடுங்கப்போகும் கிழங்குக்கு இன்றே தண்ணீர், உரம், ஆள்கூலி என்று யோசித்துவிடுகிறோம். பிள்ளையின் கல்லூரிக்கு மட்டும் "ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்" என்கிறோம்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பு வரை ஊர் அரசுப் பள்ளியில் படித்தாள். ஒன்பதாம் வகுப்பில் கடன் வாங்கி வெளியூர்த் தனியார் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். நன்றாகவே படித்தாள். பொறியியல் கலந்தாய்வுக்கு வந்தபோதுதான் தெரிந்தது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு அவளுக்கு இல்லை என்று. மருத்துவத்துக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கு 2021-இலும் வந்த ஒதுக்கீடு அது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அவளுக்குக் கிடைக்கவில்லை. இப்போது அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். குறைந்த படிப்பல்ல, ஆனால் அவள் ஆசைப்பட்டது அதுவல்ல. ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கும் முன் அவள் தந்தை நம்மிடம்தான் யோசனை கேட்டார். "நல்ல பள்ளிதான், சேருங்கள்" என்று சொன்னவர்கள் நாம்தான். நாமும் கணக்குப் பார்க்கவில்லை.

தனியார் பள்ளி தவறு என்று சொல்லவரவில்லை. எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து சேர்ப்பது வேறு, தெரியாமல் சேர்ப்பது வேறு. நம் மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்: அங்கே தமிழ் வழியில் படிக்கும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டம் 2024 டிசம்பர் முதல் உண்டு, 7.5 விழுக்காடு கிடையாது.

எட்டாம் வகுப்பிலேயே என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பத்தாம் வகுப்பு முடிந்ததும், தோழி எடுக்கிறாள் என்று குரூப் எடுக்கிறார்கள். பொறியியல் கட்-ஆஃப் என்பது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணிதமே இல்லாத குரூப்பை எடுத்துவிட்டு இரண்டு ஆண்டு கழித்து நம்மிடம் வந்தால் செபிக்கத்தான் முடியும்.

பிறகு சான்றிதழ்கள். ஆதாரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ஞானஸ்நானப் பெயர் இன்னொன்று! இதை ஒன்பதாம் வகுப்பிலேயே சரிசெய்யலாம். வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பவைதான். ஆனால் கலந்தாய்வு நேரத்தில் எல்லாரும் ஒரே நாளில் போய் நிற்கிறோம். கல்வராயன் மலைப் பிள்ளைகளுக்குப் பழங்குடியினர் சான்றிதழ் தருபவர் தாசில்தார் அல்ல, கோட்டாட்சியர். பெற்றோர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டால் அதற்கு அலையவும் ஆளிருக்காது. பங்குக்கு ஒரு இளைஞர், ஒரு ஆசிரியர் முன்வந்தால் போதும். இதுவும் பிறரன்புப் பணிதான்.

அந்தப் பிள்ளையின் தம்பி இப்போது எட்டாம் வகுப்பு. போன வாரம் தந்தை மறுபடி வந்தார், "இவனையும் அங்கேயே சேர்த்துடலாமா சாமி?" என்று. இந்த முறை உடனே பதில் சொல்லவில்லை. உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, ஒரு தாளில் இரண்டு பக்கமும் கணக்கு எழுதினோம். மகளையும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றோம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். ஞாயிறு திருப்பலி முடிந்து வருவதாகச் சொன்னார்.