ஆளொழிந்த தீவு

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கோடை விடுமுறையில் யாம் மேற்கொண்ட கடற்செலவைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தனர். கண்ட காட்சிகளை அடுக்கிக் கூறுதல் மட்டும் பொழுதுபோக்காய் முடியும். அவற்றினின்று கருதத்தக்கது யாதென ஆராய்தலே இவ்வவைக்கு ஏற்புடைத்து. ஆகலின் அம்முறை பற்றியே சில சொல்லத் துணிந்தனம்.

ஸ்காட்லாந்து தேசத்தின் மேல்கரைக்கு அப்பால், வடக்கு உயிஸ்ட் என்னும் தீவினின்றும் ஏறக்குறைய 40 மைல் தொலைவில், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே செயின்ட் கில்டா என்னும் தீவுக்கூட்டம் உளது. ஹிர்ட்டா, டூன், சோவே, போரரே எனத் தீவுகள் நான்கு; கடலினின்றும் தூண்போல் எழுந்த பாறைகள் சில. மக்கள் குடியிருந்தது ஹிர்ட்டா ஒன்றிலேயாம். அதன் பரப்பு இரண்டரைச் சதுரமைல் அளவினதே. ஆயினும் அதன் கொனகேர் என்னும் குன்று 1,400 அடி உயரத்தினின்றும் செங்குத்தாய்க் கடலில் இறங்குகின்றது. பிரிட்டனில் இதனினும் உயர்ந்த கடற்பாறை வேறில்லை.

பன்னிருவர் கொண்ட குழுவாய், வழிகாட்டி ஒருவர் தலைமையில், சிறு கப்பலொன்றில் ஆறு நாட்செலவாக யாம் புறப்பட்டனம். முதலிரண்டு நாளும் காற்றுத் தணிவதை எதிர்நோக்கி இடைத்தீவுகளின் மறைவில் தங்கினம். அத்தீவிற்குச் செல்வார்க்கு நாளும் நேரமும் குறிப்பது கடலேயன்றிக் கடிகாரமன்று. மூன்றாம் நாள் வைகறையிற் கப்பல் நகர்ந்தது. கரையேறுமுன் வழிகாட்டி எங்கள் பைகளையும் காலணிகளையும் ஒவ்வொன்றாய்ச் சோதித்தனர். ஓர் எலி கரை சேரினும் இலட்சக்கணக்கான கடற்பறவைகளின் முட்டைக்கும் குஞ்சுக்கும் கேடு விளையும் என்பது காரணம். அங்கே தங்கும் விடுதியோ உணவுச்சாலையோ இன்மையின், பகலில் தீவினைச் சுற்றி, இரவில் விரிகுடாவில் நங்கூரமிட்ட கப்பலிலேயே உறங்கினம்.

விரிகுடாவை நோக்கிப் பிறைபோல் வளைந்த ஒரே தெரு. 1860ஆம் ஆண்டுகளில் எழுந்த பதினாறு கல்வீடுகள். சில செப்பனிடப்பட்டுள, ஏனையவை கூரையிழந்து நிற்கின்றன. இறுதியாய் அங்கு வாழ்ந்தார் பெயர் பொறித்த கற்பலகைகளை அவற்றிற் கண்டனம். குன்றெங்கும் கிலீட் எனப்படும் கற்சேமிப்பறைகள் பரந்து கிடக்கின்றன. தீவுக்கூட்டம் முழுவதிலும் இவை 1,400க்கும் மேற்பட்டவை என்பர். சுண்ணமின்றி அடுக்கிய கற்களின் இடுக்கால் காற்று நுழைந்து உள்ளிருக்கும் பறவை இறைச்சியை உலர்த்தும். மேலிட்ட புற்கரணை மழையைத் தடுக்கும். மரமொன்றும் இல்லாத நிலத்தில், கல்லையும் காற்றையும் கொண்டே உணவைக் காத்த திறம் வியத்தற்குரியது.

அம்மக்கள் ஈராயிரம் ஆண்டுக்குக் குறையாமல் அங்கு வாழ்ந்தனர். 1697இல் மார்ட்டின் என்பார் சென்றபோது ஏறத்தாழ 180 பேர் இருந்தனர். உழுநிலம் சிறிது; மீன்பிடித்தற்கோ கடல் இடங்கொடாது. ஆதலின் இடுப்பிற் கயிறு கட்டிப் பாறைமுகத்தில் இறங்கிப் பறவைகளைப் பிடித்தனர். இறைச்சி உணவாயிற்று; நெய் விளக்கெரித்தது; இறகு தீவின் உடையவராகிய மக்லியாட் தலைவர்க்கு வாரமாயிற்று.

அவர்தம் வாழ்வில் எம்மைக் கவர்ந்தது அவர்கள் கூடிவாழ்ந்த முறையே. ஆடவர் காலைதோறும் தெருவிற் கூடி அன்றைய வேலை யாதெனத் தீர்மானிப்பர். அவ்வவைக்குத் தலைவருமில்லை, சட்டமுமில்லை, எவரும் பேசலாம். பிடித்த பறவை வீடுதோறும் பங்கிடப்படும். பாறைக்குச் செல்லமாட்டாத முதியோரும் கைம்பெண்டிரும் விடுபடார். கயிற்றின் ஒருமுனையில் தொங்குவான் உயிர் மறுமுனையைப் பிடிப்பான் கையில் இருந்தது. இத்தகைய இடத்தில் ஒற்றுமை என்பது வெறும் அறவுரையன்று. அன்றாட உணவே அதுவென்க.

1727இல் நிகழ்ந்ததைக் கேண்மின். பறவை பிடித்தற்பொருட்டு மூன்று ஆடவரும் எட்டுச் சிறுவரும் ஸ்டாக் அன் ஆர்மின் என்னும் பாறைத்தூணில் இறக்கிவிடப்பட்டனர். சில நாளில் அழைத்துச் செல்ல வரவேண்டிய படகு வரவில்லை. ஹிர்ட்டாவில் பெரியம்மை புகுந்து பெரும்பாலோரைக் கொன்றது. படகு தள்ள ஆளில்லை. பதினொருவரும் ஒன்பது மாதம் அப்பாறையிலேயே குளிரையும் புயலையும் தாங்கி உயிர்பிழைத்தனர். அடுத்த ஆண்டு மீண்டு வந்தபோது அவர்கள் கண்டது பெரும்பாலும் ஆளொழிந்த ஊரையே. அப்பேரழிவிற்குப் பின்னும் அயற்றீவுகளினின்று புதுக்குடிகள் வந்துசேர, அவ்வூர் மறுபடி தழைத்தது.

அத்தகைய ஊர் பின்னர் அழிந்தது எதனால்? கடலின் கொடுமையால் என்பார் உளர். கடல் என்றும் கொடியதாகவே இருந்தது, அது புதிதன்று. ஆள் குறைந்ததே முதற்காரணம் என்பது எம் கருத்து. 1852இல் முப்பத்தறுவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். பலர் வழியிலேயே மாண்டனர். பிறந்த குழந்தைகளோ எட்டாம் நாளளவில் வாய்பூட்டி வலிப்புற்று இறந்தன. அந்நோய் தொப்புள்வழிப் புகும் நஞ்சால் வருவது. அதனை இறைவன் திருவுள்ளமென்று தாய்மார் பொறுத்திருந்தனர். 1889இல் வந்த பிட்டஸ் என்னும் குருவானவர் கிளாஸ்கோ நகர்க்குச் சென்று, தூய்மையுடன் தொப்புள்கொடியைப் பேணும் முறையைக் கற்று வந்து புகுத்தினர். சில ஆண்டில் அந்நோய் ஒழிந்தது. எத்தனை தலைமுறைக் குழந்தைகள் மண்ணுட் சென்றபின் அவ்வறிவு வந்தது! அத்தீவின் பள்ளியறையில் நின்றபோது, ஆசிரியத்தொழில் பூண்ட எமக்கு இதுவே நெஞ்சை உறுத்தியது.

1877 முதல் கோடைதோறும் நீராவிக்கப்பலில் வேடிக்கை காண்போர் வரலாயினர். பணமும் புதுப்பொருளும் வந்தன. அவற்றுடன், தாம் பின்தங்கிய வறியர் என்னும் எண்ணமும் வந்தது. இளைஞர் ஒவ்வொருவராய் நீங்கினர். 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் ஏறக்குறைய நாற்பதின்மரே எஞ்சினர். படகு வலிக்கவும் கயிறு பிடிக்கவும் வலிய கை போதவில்லை. 1930இன் தொடக்கத்தில் நோயுற்ற ஓரிளம்பெண்ணைக் கடல் கொந்தளிப்பால் உடனே கொண்டுசெல்ல இயலவில்லை. பின்னர்ப் பெருநிலத்து மருத்துவமனையில் அவள் மாண்டாள். அவ்வாண்டு மே மாதம் தீவினர் கூடி, தம்மை அப்புறப்படுத்துமாறு அரசாங்கத்திற்கு விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டனர்.

1930 ஆகஸ்டு 29ஆம் நாள் முப்பத்தறுவரும் ஹேர்பெல் என்னும் கப்பலில் ஏறினர். வீடுதோறும் விவிலிய நூலை விரித்து வைத்து, அருகே சிறிது ஓட்ஸ் தானியத்தைக் குவித்துவிட்டுச் சென்றனர் என்பர். மரமே கண்டறியாத தீவின் ஆடவர் பலர்க்குக் கிடைத்த வேலை காட்டிலாகாவில் மரம் நடுதல்! அத்தீவிற் பிறந்தாருள் இறுதியானவர் 2016இல் தமது 93ஆம் வயதிற் காலஞ்சென்றனர். 1957 முதல் தீவு ஸ்காட்லாந்து தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளையின் உடைமை. 1986இல் ஐக்கிய நாடுகளின் உலகப் பாரம்பரியப் பட்டியலிற் சேர்ந்தது. இன்று காப்பாளரும் ஆராய்ச்சியாளரும் படைத்துறை நிலையப் பணியாளரும் மாறிமாறித் தங்குகின்றனர். நிலையான குடியென ஒன்றுமில்லை.

எங்கள் குழுவினருள் ஒருவர், "இத்துணை அழகிய ஊரை விட்டுச் செல்ல எங்ஙனம் மனம் வந்ததோ!" என்றனர். அவ்வினா விருந்தினர் வினா. ஆறு நாள் கண்டு மீள்வார்க்கு ஊர் அழகு; மருத்துவனின்றிக் குழந்தையை மடியில் வைத்திருப்பாளுக்கு அது வேறு. அவர்கள் சென்றதைக் குற்றமென யாம் கூறோம். சிதறி ஓடாமல், தெருவிற் கூடிய வழக்கத்தின்படியே கூடி முடிவு செய்து, முதியோரையும் குழந்தைகளையும் உடன்கொண்டு ஒருங்கே சென்றனர். ஊரை இழந்த நாளிலும் கூடிவாழும் முறையை இழந்திலர்.

ஆயினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஊர் ஒருநாளில் ஒழிவதன்று. ஒருவர் நீங்குங்கால் அவ்விடம் நிரம்பவில்லையேல், எஞ்சியவர் சுமை ஒரு பங்கு மிகும். அச்சுமையே அடுத்தவரையும் வெளியேற்றும். கல்வியும் மருத்துவமும் காலத்தாழ்ந்து வந்தால், வந்தபின் பயன்கொள்ள ஆளிராது. நம்மவரும் பிறந்த சிற்றூரை விட்டு நகரங்களிற் பரவியுள்ளோம். அங்குப் பின்தங்கிய முதியோர் எத்துணையர், அவர்தம் கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பார் யாவர் என்று இக்கூட்டம் கலைந்தபின் ஒவ்வொரு வீட்டாரும் எண்ணிப் பார்ப்பாராயின், இச்செலவாற் பயன் விளைந்ததென்று மகிழ்வேம்.