டீசல் காரில் அடிக்கடி பழுதாகும் புகை வால்வு



டீசல் கார் வைத்திருப்பவர்களுள் பலர் ஒரு மஞ்சள் விளக்கை நன்கு அறிவர். ஓட்டுபவருக்கு எதிரே, இயந்திரத்தின் வடிவில் எரியும் அந்தச் சிறு விளக்கு ஒரு நாள் காலையில் திடீரென்று தோன்றும். வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்வோம். "ஈ.ஜி.ஆர். வால்வு போய்விட்டது" என்பார்கள். புதிய வால்வு பொருத்துவார்கள். பில்லைப் பார்த்தபின் வீட்டில் சற்று நேரம் பேச்சே எழாது. ஏழெட்டு மாதங்கள் சென்றதும் அதே விளக்கு, அதே வால்வு, அதே செலவு. ஓர் உறுப்பு மட்டும் ஏன் இப்படித் திரும்பத் திரும்பக் கெடுகிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். கலைப் பட்டதாரி, மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். பொருள் விளங்காமல் ஒரு வரியையும் மொழிபெயர்க்கலாகாது என்பது எங்கள் தொழிலின் விதி. அந்தப் பழக்கமே இந்த வால்வின் பொருளையும் தேடிப் போகச் செய்தது. எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே சுற்றிவிடுவதையே ஈ.ஜி.ஆர். என்னும் மூன்றெழுத்துக்கள் குறிக்கின்றன. வால்வு என்பதற்கு ஓரதர் என்றும் தடுக்கிதழ் என்றும் நல்ல தமிழ்ச் சொற்கள் உண்டு. ஆயினும் அவற்றைக் கரோல் பாக் பட்டறையில் சொல்லிப் பயனில்லை. ஆதலால் வால்வு என்றே சொல்லிப் போகிறேன்.

வெளியே தள்ளிய புகையை மீண்டும் உள்ளே இழுப்பானேன் என்று தோன்றும். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். சாதாரணமாக அது எதனோடும் எளிதில் சேராது. ஆனால் டீசல் இயந்திரத்தினுள் எழும் கடும் வெப்பத்தில் அது பிராணவாயுவோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகளாக மாறுகிறது. அவை மூச்சுக்குழாயை உறுத்துபவை. வெயில் பட்டால் தரைமட்டத்தில் ஓசோன் உண்டாக வழிசெய்பவை. குளிர்காலத்தில் நுண்துகள்களாகவும் மாறுபவை. இதைத் தடுக்கவே, எரிந்த புகையில் கொஞ்சத்தைப் புதுக் காற்றோடு கலக்கிறார்கள். அப்புகையில் பிராணவாயு குறைவு. அதிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். எனவே எரியும் வெப்பம் தணிந்து, அந்த நச்சும் குறைகிறது. எவ்வளவு புகையை, எந்த வேளையில் உள்ளே விடுவது என்பதை நிறுத்தளப்பதே வால்வின் வேலை. ஆக்ஸிலரேட்டரை முழுதும் அழுத்தும்போது அது மூடிக்கொள்ளும்; நகரில் நிதானமாகச் செல்லும்போது திறந்திருக்கும்.

இனி அதன் துன்பத்தைப் பார்ப்போம். டீசல் புகையில் கரித்தூள் உண்டு. இயந்திரத்தின் அடிப்பகுதியிலிருந்து மேலே வரும் எண்ணெய் ஆவியும் உள்ளே செல்லும் காற்றுடனேயே சேர்கிறது. தூளும் எண்ணெயும் சந்திக்கும் இடத்தில் தார் போன்ற கறுப்புப் பசை படியும். நாளடைவில் அது அடுப்பங்கரைச் சுவரில் படிந்த கரிபோல் இறுகிவிடும். வால்வு சரியாக மூட முடியாமல் சிக்கிக்கொண்டால், நிற்கும்போது இயந்திரம் நடுங்கும், இழுவை குறையும், கரும்புகை தள்ளும், சிக்னலில் வண்டி நின்றுபோவதும் உண்டு. திறக்கவே முடியாமல் சிக்கினால் ஓட்டுபவருக்கு அநேகமாக ஒன்றும் தெரியாது. விளக்கு மட்டும் எரியும்.

ஆகவே வால்வு என்பது வீட்டுச் சாக்கடையின் வலைத் தகடு போன்றது. குப்பை அங்கே வந்து சேர்கிறதென்றால் தகட்டை மாற்றுவது மட்டும் பரிகாரமாகாது. குப்பை எங்கிருந்து வருகிறதென்று பார்க்கவேண்டும். ஒரு வால்வு கெட்டால் அது வால்வின் ஆயுள் முடிந்ததாக இருக்கலாம். ஓராண்டுக்குள் இரண்டாவது வால்வும் கெட்டால் காரணம் வேறிடத்தில் இருக்கிறது என்றே நான் கொள்வேன்.

முதற் காரணம் நம்முடைய வாழ்க்கை முறையிலேயே இருக்கலாம். தில்லியில் ஆர்.கே.புரத்திலிருந்து லோதி ரோட்டுக்கும், மும்பையில் செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கும் போய் வருவது போன்ற குறும்பயணங்களிலேயே பலருடைய வண்டி காலம் கழிக்கிறது. டீசல் இயந்திரம் சூடேற நேரம் பிடிக்கும். வடக்கத்திய ஜனவரிக் குளிரில் அது சரியான வெப்பத்தை எட்டுமுன் அலுவலகம் வந்துவிடும். அரைகுறைச் சூட்டில் எரியும் டீசல் அதிகக் கரியைத் தரும். குளிர்நீரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே நின்றுவிட்டாலும் இதே விளைவுதான். அது வால்வைவிட மிகவும் மலிவான உறுப்பு. வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டுவது நல்லது. ஏற்கெனவே இறுகிய கரியை அது கரைத்துவிடும் என்று நம்பவேண்டாம். புதிதாகப் படிவதைக் குறைக்கும், அவ்வளவே.

மற்றக் காரணங்கள் இயந்திரத்தில் இருக்கின்றன. டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர் சொட்டுவது, டர்போவிலிருந்து எண்ணெய் கசிவது, எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றுவது, காற்றை அளக்கும் சென்ஸார் அழுக்கடைந்து பொய்க்கணக்குத் தருவது, வால்வுக்குச் செல்லும் மின்கம்பியை எலி கடிப்பது என்று இவை பலவகை. அவற்றுள் ஒன்றை மட்டும் விரித்துச் சொல்கிறேன். அது என் கண்முன் நடந்தது.

திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்த நண்பர் ஒருவர், இங்கே பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினார். 14 மாதங்களில் இரண்டு வால்வுகள் மாற்றியாயிற்று. மூன்றாம் முறை விளக்கு எரிந்தபோது, இந்தி பேச என்னையும் அழைத்துச் சென்றார். பட்டறைக்காரர் வண்டியின் மூடியைக்கூடத் திறக்காமல், இனி வால்வே வேண்டாம், ஒரு தகட்டை வைத்து வழியை அடைத்துவிட்டுக் கணிப்பொறியிலிருந்தும் அதை நீக்கிவிடலாம் என்று இந்தியில் சொன்னார். நண்பர் என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, என்ன சொல்லுகிறார்? செலவு குறையுமாமா?" என்றார். குறையும் என்றுதான் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. ஆயினும் வேறொருவரையும் கேட்டபின் முடிவு செய்யலாம் என்று வண்டியை ஓட்டி வந்துவிட்டோம்.

அடுத்துப் பார்த்தவர் வயதான மெக்கானிக். தினம் எவ்வளவு தூரம் ஓடுகிறது, எண்ணெய் குறைகிறதா, கரும்புகை எப்போது வருகிறது என்று அவர் முதலில் எங்களை விசாரித்தார். மேடு ஏறும்போது வருகிறது என்றோம். காற்றுச் செல்லும் பாதையில் புகையை ஊதிப் பார்த்தார். டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாயின் அடிப்புறத்தில், எண்ணெயில் ஊறிய ஒரு வெடிப்பிலிருந்து புகை நூல்போல் கசிந்தது. இயந்திரம் பாரம் இழுக்கும்போது அவ்வெடிப்பு விரிந்து, அளந்துவிட்ட காற்றில் ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது. போனது தெரியாமல் கணிப்பொறி முழுக் காற்றுக்குரிய டீசலைத் தெளிக்கிறது. மிகுதி டீசல் கரியாகிறது. கரி வால்வில் சேர்கிறது. குழாயை மாற்றி, வால்வையும் அதற்கடுத்த காற்றுக் குழலையும் கழற்றிச் சுத்தம் செய்தார். பிறகு வால்வின் மூடிய நிலை எதுவென்று கருவியின் மூலம் கணிப்பொறிக்குக் கற்பித்தார். பல வண்டிகளில் இந்தக் கடைசி வேலையைச் செய்யாவிட்டால் புதிய வால்வும் பழுதென்றே பதிவாகும். அதன்பின் இரண்டு குளிர்காலங்கள் கடந்துவிட்டன. அந்த விளக்கு எரியவில்லை.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மொழி தடுமாறும் இடத்தில், நாம் விளக்கத்தை விட்டுவிட்டு "வால்வு" என்ற ஒரு சொல்லைச் சொல்லி நின்றுவிடுகிறோம். கேட்டதையே அவரும் மாற்றித் தருகிறார். அறிகுறியைச் சொல்லுங்கள். "காலா துவான்" என்றால் கரும்புகை. அது எப்போது வருகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். கருவியில் தோன்றும் பழுதுக் குறியையும் எழுதி வாங்குங்கள். பி 0401 என்றால் புகை போதிய அளவு செல்லவில்லை. பி 0402 என்றால் அளவுக்கு மேல் செல்கிறது. பி 0403 என்றால் மின்சுற்றில் கோளாறு. மூன்றாவதற்கு வால்வைக் கழுவிப் பயனில்லை என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

தகடு வைத்து அடைக்கும் யோசனைக்கு வருவோம். அப்படிச் செய்த வண்டி நன்றாகவே இழுக்கும், கரியும் குறையும். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழும் கிடைத்துவிடும். ஏனெனில் அச்சோதனையில் டீசல் வண்டிக்குப் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்ஸைடை அளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் புகை குறைந்து, தெரியாத நச்சு கூடுகிறது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடலாகும் நைட்ரஜன் ஆக்ஸைடு, பாரத் ஸ்டேஜ் 4 விதியில் 0.25 கிராம், 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதியில் 0.08 கிராம். இந்தக் கணக்கெல்லாம் வால்வு வேலை செய்கிறது என்று வைத்துப் போட்டது. காற்று மாசுத் தரங்களை மீறும் வண்டியை ஓட்டுவது, 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவின்படி குற்றமும் ஆகும். 2019-இன் திருத்தத்துக்குப் பின் அபராதம் 10,000 ரூபாய் வரை செல்லும். சட்டத்தை விடுங்கள், நவம்பர் மாதத்துத் தில்லிக் காற்றில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் நாம். அந்தத் தகட்டை என் நண்பர் மறுத்தது சரியே என்பது என் அபிப்பிராயம்.

புதிய வண்டிகளில் பழுதைத் தள்ளிப்போடுவது வேறு வகையிலும் செலவு வைக்கும். அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைத்து எரிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. வால்வு திறந்தபடி சிக்கினால் கரி பெருகி அதுவும் அடைபடும். அதன் விலை வால்வின் விலையைவிட மிக அதிகம்.

குளிர்நீர் பற்றியும் எச்சரிக்க வேண்டும். உள்ளே திரும்பும் புகையை ஆற்றுவதற்கு ஒரு குளிர்விப்பான் உண்டு. வெளியே ஒழுக்கு எதுவும் காணாமல் குளிர்நீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், அக்குளிர்விப்பானுக்குள் கசிகிறதா என்று உடனே பார்க்கச் சொல்லுங்கள். 2018-இல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் டீசல் கார்கள் பல தீப்பற்றின. கசிந்த நீர்க்கலவை கரியோடும் எண்ணெயோடும் சேர்ந்து, சூடான புகை பட்டு எரிந்ததே காரணம் என்று அந்நிறுவனம் கூறியது. அவ்வாண்டிலேயே உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்க்க வேண்டியதாயிற்று. மஞ்சள் விளக்கைச் சில நாள் பொறுக்கலாம். குறையும் குளிர்நீரைப் பொறுக்கலாகாது.

மாற்றலாகிச் செல்லும் ஊரில் பழைய டீசல் கார் வாங்குவோர், விலை பேசுமுன் பட்டறையில் கருவியைப் பொருத்தி, வால்வுக்கு இட்ட கட்டளையும் அது அடைந்த நிலையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். வால்வின் இணைப்பில் புதிதாக வெட்டிய தகட்டின் விளிம்பு தெரிகிறதா என்று விளக்கு வைத்தும் பார்க்கலாம். சாவியைத் திருப்பியதும் மஞ்சள் விளக்கு ஒருமுறை எரிந்து, இயந்திரம் ஓடத் தொடங்கியபின் அணையவேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் அந்த விளக்கையே யாரோ பிடுங்கியிருக்கிறார்கள்.